தக்கை அசையும் முன்

சித்தப்பா எனக்குத் தூண்டில் போடச் சொல்லிக்கொடுத்த முதல் நாள், தூண்டிலைக் கையில் தரவே இல்லை. கம்மாபுரத்தை அடுத்த ஒரு வாய்க்கால் மதகு. கார்த்திகை மழை விட்டுச் சில நாள் ஆகியிருந்தது. தண்ணீர் தெளியத் தொடங்கியிருந்தது. நான் கரையில் நின்று எட்டிப் பார்த்தேன். கெண்டைக் கூட்டம் ஒன்று வெள்ளிக் காசுகளை வாரி இறைத்ததுபோல் பளிச்சிட்டு மறைந்தது.

“குந்துடா. நீ மீனப் பாக்கறதுக்கு முன்ன அது ஒன்னப் பாத்துடும்” என்றார்.

குந்தினேன். கொஞ்ச நேரத்தில் அதே கூட்டம் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. அன்று பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்ததுதான் பாடம். பள்ளியில் ஒளிவிலகல் படித்தபோதுதான் அவர் சொன்ன ஒரு வரிக்குள் எவ்வளவு இயற்பியல் இருந்தது என்று புரிந்தது.

காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. இந்த வளைவினால், கரையில் நமக்கு 180 பாகை விரிந்து கிடக்கும் வானமும் மரமும் மனிதரும், தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு ஏறக்குறைய 97 பாகைக் கூம்புக்குள் சுருங்கித் தெரிகின்றன. மீனின் தலைக்கு மேல் ஒரு வட்டச் சன்னல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மீன் மூன்று அடி ஆழத்தில் நின்றால் அந்தச் சன்னலின் அகலம் சுமார் ஏழு அடி. மேலே வந்தால் சன்னல் சிறுக்கும், கீழே போனால் பெருக்கும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகிவிடும்; அதில் மீனுக்குத் தெரிவது குளத்தின் அடித்தரைதான்.

தூண்டில்காரருக்கு இதில் வேண்டியது சன்னலின் விளிம்பு. நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக வரும் ஒளி அந்த விளிம்பில் நசுங்கி மங்கிப்போகிறது. நீர்மட்டத்திலிருந்து பத்துப் பாகைக்குக் கீழே இருக்கும் எதுவும் மீன் கண்ணுக்கு அநேகமாக இல்லாததுபோல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரை அடி ஆள் தண்ணீர் ஓரத்தில் நின்றால், மீனிடமிருந்து முப்பது அடிக்கு மேல் தள்ளி இருந்தால்தான் அந்தப் பத்துப் பாகைக்குள் அடங்குவார். குந்தினால் உயரம் இரண்டரை அடி ஆகிறது. பதினான்கு அடி தள்ளி இருந்தால் போதும். பத்தடி மூங்கில் கம்பும் அதில் கட்டிய நரம்பும் நீட்டிய கையும் சேர்ந்தால் அந்தத் தூரத்தை எட்டிவிடும். உயரமான கரையில் நின்றால் கரையின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் பழகியவர்கள் கரையின் சரிவில் இறங்கிக் குந்துகிறார்கள்.

தூண்டில் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பு வாங்கலாம், என்ன விலை என்பதைத்தான். மீனுக்கு எது தெரிகிறது, எது கேட்கிறது, எது மணக்கிறது, அது எப்படி மூச்சு விடுகிறது என்று கேட்டுத் தொடங்குகிறவருக்கு மூங்கில் கம்பே போதும். இந்த அத்தியாயம் அந்தக் கேள்விகளைப் பற்றியது.

எங்கே தொடங்குவது? விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் இருக்கிறது கம்மாபுரம். பக்கத்தில் மணிமுத்தாறும் வெள்ளாறும். இரண்டும் மழைக்கால ஆறுகள். ஆண்டில் பெரும்பகுதி மணலாகவும் இடையிடையே மடுக்களாகவும் கிடப்பவை. கிழக்கே போனால் வெள்ளாற்றின் குறுக்கே சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. அதற்குத் தெற்கே கொள்ளிடத் தண்ணீரை வடவாறு வழியாக வாங்கிக்கொள்ளும் வீராணம், சோழர் வெட்டிய ஏரி. வடக்கே நெய்வேலிச் சுரங்கம் இறைத்து வெளியேற்றும் நீரைப் பெறும் வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும். இவ்வளவு நீர்நிலைகள் சூழ்ந்திருந்தாலும், புதிதாக வருகிறவர் ஆற்றுக்கோ பெரிய ஏரிக்கோ போக வேண்டாம் என்பேன். மணல் அள்ளிய குழிகள் ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. முழங்கால் ஆழம் என்று இறங்கிய இடத்தில் அடுத்த அடி ஆளை மூழ்கடிக்கும். வாய்க்கால் மதகின் கீழ்க்குழிதான் தொடக்கப் பள்ளி. விழுகிற தண்ணீர் காற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது, இரையையும் அடித்துக்கொண்டு வருகிறது. மீன் அங்கே காத்திருக்கும்.

குளத்தங்கரைத் தூண்டில் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை 1873-இல் எழுதினார். இமயமலை ஆறுகளின் பெரிய மீன்களைத் தேடிப்போன வெள்ளைக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதே மனிதர் 1887-இல் நம்மூர் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று தனி நூல் எழுதினார். மழைத்தண்ணீர் தேங்கும் ஒரு குளத்துக்குக் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு தனிக்கலை உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி காது. கரையில் பேசினால் மீன் ஓடிவிடும் என்று சின்னப் பிள்ளைகளை அதட்டுவார்கள். அது முழு உண்மை இல்லை. காற்றில் பிறக்கும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் மோதித் திரும்பிவிடும். நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே இறங்காது. ஆனால் கால் மிதிக்கும் அதிர்வு அப்படி இல்லை. மண் வழியாக நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. தண்ணீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆகவே பேசலாம், தடதடவென்று நடக்கக் கூடாது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வருவதில் காரணம் இருக்கிறது.

கெண்டை, கெளுத்தி இனங்களுக்குக் கேட்கும் திறன் கூடுதல். அவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை ஒலியை வாங்கி அதிர்கிறது. அந்த அதிர்வை உட்காதுக்குக் கொண்டுசெல்லச் சின்னஞ்சிறு எலும்புத் தொடர் ஒன்று இருக்கிறது. ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர் 1820-இல் இதை விவரித்தார். இன்றும் வெபர் எலும்புகள் என்றே பெயர். ஜிலேபிக்கும் விராலுக்கும் இந்தத் தொடர் இல்லை.

காதுக்கும் மேலாக ஒன்று உண்டு. அடுத்த முறை ஒரு கெண்டை கையில் கிடைத்தால், உள்ளங்கையை நனைத்துக்கொண்டு அதைப் பக்கவாட்டில் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். செவுளுக்குப் பின்னாலிருந்து வால் நோக்கி மெல்லிய கோடு ஒன்று ஓடும். கண்ணை அருகே கொண்டுபோனால் அது கோடு இல்லை, புள்ளி வரிசை என்று தெரியும். அந்த வரிசையில் உள்ள செதில்களில் மட்டும் நுண்ணிய துளைகள். துளைகளுக்குள் ஓடும் குழாயில் மயிரிழை போன்ற உணர்வுச் செல்கள் இருக்கின்றன. தண்ணீர் லேசாக அசைந்தாலும் அவை சாய்ந்து செய்தி சொல்லிவிடும். பக்கக்கோடு என்று இதற்குப் பெயர். இருட்டில் கூட்டம் கலையாமல் மீன்கள் நீந்துவதற்கும், கலங்கல் தண்ணீரில் துடிக்கும் மண்புழுவைக் கண்டுபிடிப்பதற்கும் இது உதவுகிறது. ஒரே புழுவை வெளுத்துச் சாகும்வரை முள்ளில் விட்டுவைக்காதீர்கள். துடிப்பு நின்றுபோனால் பாதி அழைப்பு நின்றுபோயிற்று.

மீதிப் பாதி மணமும் சுவையும். கெளுத்தியின் மீசை வெறும் மீசை இல்லை, வெளியே நீட்டிய நாக்கு என்றே சொல்லலாம். அதில் மட்டுமல்ல, அதன் உடல் தோலெங்கும் சுவை அரும்புகள் பரவியிருக்கின்றன. அதனால்தான் புதுத் தண்ணீர் செங்காவியாக வரும் நாளில், கண்ணை நம்பும் மீன்கள் பட்டினி கிடக்கும்போது கெளுத்தி நன்றாகக் கடிக்கும். கெளுத்திக்கு மண்புழுவை மிஞ்சிய இரை இல்லை. மாட்டுக்கொட்டகைக் கழிவுநீர் ஊறும் இடத்தில் தோண்டி, கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு நிழலில் வைத்துக்கொள்ளலாம். ரோகு, மிர்கால் என்றால் கோதுமை மாவோடு கடலைப் புண்ணாக்கைப் பிசைந்து சிறு உருண்டை. விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை என்னும் நிலக்கடலை விளையும் பூமி, புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. ஊறிய புண்ணாக்கிலிருந்து அமினோ அமிலங்கள் தண்ணீரில் கரைந்து பரவுகின்றன. கெண்டை இனங்களின் மூக்கு அவற்றை மிகக் குறைந்த அளவிலேயே உணர்ந்துவிடும்.

கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து முதல் பன்னிரண்டு அடி மூங்கில் கம்பு, நுனி மெல்லியதாக. கம்பின் நீளமே நைலான் நரம்பின் நீளம். முள்ளுக்கு எண் உண்டு. எண் கூடினால் முள் சிறுக்கும் என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள். எட்டு அல்லது பத்தாம் எண் போதும். நைலான் முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு அந்த இடத்திலேயே நலிந்துவிடும். மீன் இழுக்கும்போது அங்கேதான் அறும்.

தக்கைக்கு மட்டும் நேரம் கொடுங்கள். மயிலிறகுத் தண்டு, நெட்டித் துண்டு, தேய்ந்த ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு, எதுவானாலும் சரி. வீட்டிலேயே ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, முள்ளும் எடையும் கட்டி மிதக்க விட்டுப் பாருங்கள். தக்கை பாதிக்கு மேல் வெளியே நின்றால் எடை போதவில்லை. மீன் இரையை வாய்க்குள் இழுக்கும்போது, வெளியே நிற்கும் தக்கையின் மிதப்பு முழுவதும் எதிர்விசையாக அதன் உதட்டில் தெரியும். கெண்டை இரையைக் கவ்வுவதில்லை; வாயைச் சட்டென்று விரித்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தக்கையின் நுனி ஒரு விரற்கடை மட்டும் வெளியே தெரியும்படி செய்யுங்கள். அப்போது ஒரு கிராம் இழுப்புகூடத் தக்கையில் தெரியும், மீனுக்குத் தெரியாது. ஆர்க்கிமிடீஸ் விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

அப்படிச் சமன்செய்த தக்கை பேசும். சிறு கெண்டை கொறித்தால் நடுங்கும். கெளுத்தி என்றால் சாய்ந்து ஒரு பக்கமாக நடந்துபோகும். அடியிலிருந்து இரையை எடுத்துக்கொண்டு தலை நிமிரும் பெரிய மீன் எடையையும் சேர்த்துத் தூக்கிவிடுவதால், தக்கை மேலே எழும்பிப் படுத்துக்கொள்ளும். தக்கை முங்கினால்தான் மீன் என்று காத்திருக்கும் புதியவர் இந்தக் கடியைத் தவறவிடுவார்.

எடைக்கு ஈயக்குண்டு வேண்டாம். அறுந்துபோன தூண்டில்களின் ஈயத்தை நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. பிரிட்டனில் அன்னப்பறவைகள் இப்படிக் கூட்டம் கூட்டமாகச் செத்த பிறகு, சிறு ஈய எடைகளை 1987-இல் தடை செய்தார்கள். நம் ஏரிகளுக்கும் ஆண்டுதோறும் வாத்துகள் வருகின்றன. சைக்கிள் கடையில் கிடைக்கும் ஒரு சிறு இரும்பு நட்டு அதே வேலையைச் செய்யும்.

எந்த நேரத்தில் போவது? விடிகாலை என்பார்கள். ஏன் என்று கேட்டால்தான் எந்த மீனுக்கு என்பதும் தெரியும். 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் ஏழரைதான். பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். இரவில் அது நின்றுபோகும், ஆனால் மூச்சுவிடுவது மட்டும் நிற்காது. செடி, மீன், அடிச்சேறு எல்லாம் சேர்ந்து இரவெல்லாம் ஆக்சிஜனைச் செலவழிக்க, விடிவதற்குச் சற்றுமுன் தண்ணீரில் அது மிகவும் குறைந்துபோகிறது. பாசி படர்ந்த குளத்தில் அந்த நேரம் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். புதியவர் அதைப் பார்த்து மீன் மேலே வந்து பசியோடு திரிகிறது என்று மகிழ்ந்துபோவார். அது பசி இல்லை, மூச்சுத்திணறல். அந்த மீன் இரையைத் தொடாது. வெயில் ஏறிப் பாசி வேலையைத் தொடங்கிய பிறகே அதற்குத் தெம்பு வரும்.

அதே விடிகாலையில் விரால் சுறுசுறுப்பாக இருக்கும். விரால் காற்றை நேரடியாக விழுங்கி மூச்சுவிடும் மீன். செவுளுக்கு மேலே தலைக்குள் அதற்கென்று ஓர் அறை உண்டு. மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். கோடையில் குட்டை வற்றினாலும் ஈரச்சேற்றுக்குள் பதுங்கிக்கொள்ள அதனால் முடிவது காற்றை விழுங்குவதால்தான். அல்லியிலைகளுக்கு இடையே “பொளக்” என்று ஒரு சத்தம் கேட்டு, அடுத்து ஒரு குமிழி வந்தால் அங்கே விரால் மூச்செடுத்திருக்கிறது. குறவை, தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் இந்தக் காற்றுக் கூட்டாளிகள்தான்.

பனையேறி மரமேறும் கதை உலக அறிவியலுக்குள் நுழைந்தது நம் பக்கத்திலிருந்துதான். சிதம்பரத்துக்குத் தெற்கே கடலோரத்துத் தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்ற படை அதிகாரி, 1791-இல் குளத்தங்கரைப் பனைமரம் ஒன்றின் பட்டை இடுக்கில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே இந்த மீனைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் கழகம் 1797-இல் அதை வெளியிட்டது. மீன் மரமேறுமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். காக்கையோ பருந்தோ கொத்திக்கொண்டுபோய் நழுவவிட்ட மீன்களாக இருக்கலாம் என்பது பின்னால் வந்த விளக்கம். ஆனால் செவுள்மூடியின் முட்களைத் தரையில் ஊன்றி, ஈர மண்ணில் குளம் விட்டுக் குளம் போகும் என்பதில் ஐயமில்லை. தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இப்பகுதி மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலீசர் பிளாக்குக்கு அனுப்பினார். விராலுக்கும் பனையேறிக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர் அந்த பிளாக்தான்.

நீங்கள் முதலில் பிடிக்கப்போவது இவற்றில் எதுவும் இல்லாமல் ஜிலேபியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவு, புழு எதையும் விடாது. ஏரி வற்றும்போது கரையோரச் சேற்றில் தட்டு தட்டாகக் குழிகள் வரிசையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆண் ஜிலேபி பறித்த குழிகள் அவை. பெண் அங்கே முட்டையிட்டு, உடனே வாய்க்குள் அள்ளிக்கொண்டு குஞ்சு பொரிக்கும். கட்லாவும் ரோகுவும்கூட விருந்தாளிகளே. கங்கைச் சமவெளியின் மீன்கள். தேங்கிய குளத்தில் அவை முட்டையிடுவதில்லை. ஹிராலால் சௌதுரி 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் செலுத்தி முட்டையிட வைத்தார். நம் ஏரிகளில் ஆண்டுதோறும் குஞ்சு விட முடிவது அதற்குப் பிறகு எளிதானது.

விடும் குஞ்சுக்கு உரிமையாளர் உண்டு. ஏரிகளின் மீன் பாசிக் குத்தகை ஏலம் விடப்படுகிறது; குத்தகை எடுத்தவரிடம் கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டு. கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். தோட்டாவும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். இன்னொரு எச்சரிக்கை: மின்கம்பி போகும் இடத்துக்கு அடியில் கம்பைத் தூக்கவே தூக்காதீர்கள்.

பிடித்த மீனைக் கையாளுவதும் ஒரு படிப்புதான். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். பயந்தால் அவற்றை விரித்துப் பூட்டிக்கொள்ளும்; பூட்டிய முள்ளை அழுத்தி மடக்க முடியாது. வாலிலிருந்து தடவாமல், பக்க முட்களுக்குப் பின்னால் இரண்டு விரலைக் கொடுத்து, முதுகு முள் விரலிடுக்கில் நிற்கும்படி பிடிக்க வேண்டும். தேளி குத்தினால் தேள் கொட்டியதுபோல் கடுக்கும், பெயரே அதுதான். அதன் நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டில் குலைந்துவிடும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் குத்துப்பட்ட கையை அமிழ்த்தி வையுங்கள், முக்கால் மணி நேரம்கூட வைக்கலாம். மூச்சு வாங்கினாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சின்ன மீனைத் திருப்பி விடுவதானால் ஈரக்கையால் தொடுங்கள். மேலே இருக்கும் வழுவழுப்புதான் அதற்கு நோய்க்கிருமிகளைத் தடுக்கும் சட்டை. உலர்ந்த கை அதை உரித்தெடுத்துவிடும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் முன்பே நசுக்கி வைத்தால் கழற்றுவது எளிது. அறுந்த நரம்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். கொக்கின் காலில் நைலான் சுற்றிச் சதைக்குள் இறங்கியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவிழ்த்துவிட்ட பிறகும் அந்தக் கால் மடங்கவில்லை.

மழைக்காலத்தில் ஏரி கோடி போகும்போது, தண்ணீரை எதிர்த்து ஏறும் கெண்டையும் கெளுத்தியும் முட்டையிடப் போகிறவை. அவற்றை விட்டுவிடலாம். அதே நாட்களில் செடியோர நீர்ப்பரப்பில் செங்கல் பொடியைத் தூவியதுபோல் ஒரு சிவந்த வட்டம் குமிழியிட்டபடி நகர்வதைக் காண்பீர்கள். விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த வட்டத்துக்குள் தவளைக்குஞ்சைக் கோத்துப் போட்டால், குஞ்சைக் காக்க வந்த விரால் கட்டாயம் கடிக்கும். பசிக்காக இல்லை, பாதுகாக்க. தாயும் தகப்பனும் போனால் அன்று மாலைக்குள் ஜிலேபியும் நீர்க்கோழியும் கூட்டத்தைத் தீர்த்துவிடும். அடுத்த ஆண்டு அந்தக் குளத்தில் விரால் இல்லை என்று குறைப்படுகிறவர்களும் நாமாகத்தான் இருப்போம். சிவப்பு வட்டத்தைக் கண்டால் தூண்டிலை எடுத்துவிடுங்கள். கரையிலேயே குந்தி, அது கண்மறையும்வரை பார்த்துவிட்டு வாருங்கள்.